நித்திரைக் கொப்பி – திருகோணமலையில் இருதுருவ நோய் வந்த ஒரு பிள்ளை: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பிள்ளையைச் சின்னவள் என்றே எழுதப்போகிறேன். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் அவளிடமும் அவளுடைய அம்மாவிடமும் கேட்டேன். எழுதிய பிறகு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் "இது வேண்டாம் டீச்சர்" என்றாள். எடுத்துவிட்டேன்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். வழிகாட்டல் ஆலோசனைக்கும் நானே பொறுப்பு. வைத்தியர் அல்ல. மருந்து பற்றி இங்கே வருவதெல்லாம் கிளினிக்கில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும், பிறகு நான் தேடி வாசித்து உறுதிசெய்துகொண்டதும். இதைப் பார்த்து யாரும் ஒரு குளிசையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

பிள்ளையும் வீடும்

2022 தொடக்கத்தில் அவளுக்கு 13 வயது, தரம் 8. அப்பா கடற்றொழில். அம்மா இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரு அண்ணா. அம்மம்மாவும் அதே வீட்டில். கோணேசருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தாமல் எதையும் தொடங்காத குடும்பம். சின்னவள் கேட்டால்தான் பதில் சொல்லுவாள். சித்திரம் நன்றாக வரும், கணக்கில் நடுத்தரம், பின்வாங்கில் சுவரோடு ஒட்டி இருப்பாள். பிறகு வந்த மாற்றத்தை அளக்க எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் இதுதான். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். துடியான பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. அது நோய் இல்லை. இந்தப் பிள்ளை அப்படி இருந்ததில்லை.

முதலில் வந்தது சோர்வு

கொரோனாவுக்குப் பிறகு பாடசாலைகள் படிப்படியாகத் திறந்த 2021 கடைசியில் அவள் வரவு குறைந்தது. கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள். தலையிடி என்பாள். சாப்பாடு குறைந்து சட்டை தொங்கியது. சித்திரக் கொப்பியைத் தொடவில்லை. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சோம்பிவிட்டார்கள், போனும் கையுமாக இருந்து பழகிவிட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கதைத்தோம். நானும் கதைத்தேன். "வரவு குறைவு, விசாரிக்கவும்" என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். விசாரிக்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வரி அதுதான்.

அம்மா சும்மா இருக்கவில்லை. கண் பரிசோதித்தார், இரும்புச்சத்துப் பாணி வாங்கினார், நூல் கட்டினார். தை மாதம் வேறு ஊரில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அழுகிறாள், சாப்பிடுகிறாள் இல்லை என்று கேட்டதும் அவர் மனச்சோர்வுக்கு ஒரு குளிசை எழுதினார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, இதற்கு முன் நித்திரையே இல்லாமல் உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இருதுருவ நோய் என்பது எல்லோரும் பைபோலார் என்று சொல்கிற அந்த நோய்: சில காலம் கடும் சோர்வு, சில காலம் அளவுமீறிய உற்சாகம். இந்த வயதில் பல பேருக்கு அது முதலில் சோர்வாகத்தான் வெளிப்படுகிறது. அப்போது மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால், சிலரை அது மறுபக்கத்துக்குத் தூக்கிவிடக்கூடும்.

சிவராத்திரி

2022 மார்ச் 1 சிவராத்திரி. அம்மா, அம்மம்மாவோடு சின்னவளும் கோணேசர் கோயிலில் நான்கு யாமப் பூசையும் பார்த்து விடியும் வரை விழித்திருந்தாள். சிவராத்திரி முழித்தவர்கள் அடுத்த நாள் பகலில் படுக்கக்கூடாது என்பது வழக்கம் அல்லவா? அதனால் அவள் பகலில் படுக்காததை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றிரவும் அவள் படுக்கவில்லை. அதற்கு அடுத்த இரவும் இல்லை.

நித்திரை முறிவது இந்த நோயில் எழுச்சி நிலையை, அந்த அளவுமீறிய உற்சாகத்தை, தூண்டிவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். சின்னவளைத் தள்ளியது அந்தக் குளிசையா, அந்த இரவா, இரண்டும் சேர்ந்தா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிவராத்திரியில் குற்றமில்லை. அன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விழித்திருந்தார்கள். அவளுடைய மூளைக்கு அந்த ஓர் இரவைத் தாங்கும் இடம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பாடசாலைக்கு வந்தாள். எல்லாக் கேள்விக்கும் கை உயர்ந்தது. "டீச்சர், இலக்கமெல்லாம் என்னோட கதைக்குது" என்று சிரித்தாள். ஒன்றைச் சொல்லி முடிக்க முதலே அடுத்ததுக்குத் தாவினாள். உண்மையைச் சொல்கிறேன், முதல் பாடவேளையில் நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன். இடைவேளையில் காதிலிருந்த தோட்டைக் கழற்றிச் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோதுதான் மனம் உறுத்தியது.

வீட்டில் நிலைமை வேறு மாதிரிப் போனது. இரவிரவாகப் பாட்டு எழுதினாள், மூன்று கொப்பி நிறைய. கோணேசர் தன்னோடு பேசுகிறார் என்றாள். அயலவர் ஒருவர் சாமி வந்திருக்கு என்றார். அடுத்த நாளே வெற்றிலையில் காசு வைத்துக் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். அம்மா என்னிடம், "என்ர பிள்ளைக்குச் சாமி வந்தா நான் என்ன டீச்சர் செய்ய ஏலும்?" என்று கேட்டார். விசர் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். மரியாதை வந்ததால் தாமதம் வந்தது.

இதை உடைத்தது நான் இல்லை, அம்மம்மா. பத்திரகாளி அம்மன் கோயிலில் வாழ்நாள் முழுக்கச் சாமியாடுகிறவர்களைப் பார்த்தவர் அவர். "சாமி வந்த உடம்பு களைக்கும். தண்ணியக் குடிச்சுப் போட்டு அப்படியே சரிஞ்சு படுத்திடும். இது களைக்குதில்லை. இது வேற" என்றார். நான் பிறகு வாசித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. நித்திரை வராமல் அவதிப்படுவது ஒன்று. நித்திரை இல்லாமலே களைப்புத் தெரியாமல் இருப்பது வேறு. எழுச்சி நிலையின் அடையாளம் இரண்டாவதுதான்.

அந்த நாட்களில் நாடு முழுக்க மின்வெட்டு. மார்ச் தொடக்கத்திலேயே நாளுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல், மாத முடிவில் 13 மணித்தியாலம் வரை போனது. அப்படி இருண்டு கிடந்த ஓர் இரவில், இரண்டு மணியளவில், சின்னவள் தனியே கடற்கரைக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். வலை இழுக்கப் போனவர்கள் கண்டு கூட்டிவந்தார்கள். விடிந்ததும் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

வாட்டில் கேட்ட கேள்வி

மாமாவின் ஓட்டோவில் போனோம். வழியில் மான்களைக் கண்டதும் இறங்கிக் கதைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளை வெளிநோயாளர் பிரிவில் இருத்தி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சிறுவர் வாட்டில் அம்மாவும் கூட இருக்க இடம் கொடுத்தார்கள். மனநல வைத்தியர் அங்கே வந்து பார்த்தார். அவர் சிங்களம் பேசுபவர், தமிழ் கொஞ்சம் விளங்கும். ஒரு தமிழ்த் தாதி இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

"நித்திரை எப்படி?" என்று கேட்டார். அம்மா, "கொஞ்சம் குறைவு ஐயா" என்றார். வைத்தியரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் எதையும் குறைத்துத்தான் சொல்லுவார்கள், குறை கூறுவது போல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். மொழிபெயர்ப்பிலும் அது "கொஞ்சம் குறைவு" என்றே போனது. நான் குறுக்கிட்டேன். அம்மாவும் நானும் விரல்விட்டு எண்ணினோம். ஒன்பது இரவுகள், இரவுக்கு இரண்டு மணித்தியாலம் என்றாலே அதிகம். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு முதலில் இருந்து கேட்கத் தொடங்கினார். அன்று மாலை, நித்திரையை எழுதிவைக்க 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

உடனே பெயர் வைக்கவில்லை. இரத்தம், தைரோயிட், சிறுநீரகம், போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். காய்ச்சல், வலிப்பு வந்ததா என்று விசாரித்தார்கள். அந்த நிதானத்துக்குக் காரணம் இருந்தது என்று பிறகு விளங்கியது. அமெரிக்காவில் 1994–95க்கும் 2002–03க்கும் இடையில் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் பைபோலார் என்று எழுதப்பட்ட வைத்தியச் சந்திப்புகள் 40 மடங்காகக் கூடின. எந்நேரமும் எரிந்து விழுகிற பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பெயர் ஒட்டப்பட்டது. அதைச் சீர்செய்யும் நோக்கத்தோடுதான் 2013இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் அவர்களுக்கென்று தனி வகை ஒன்றைச் சேர்த்தது. எழுச்சி நிலை என்று சொல்ல, குறைந்தது ஏழு நாட்கள், நாளின் பெரும்பகுதியும் அது நீடிக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். அதோடு பிள்ளையின் வழமையான குணத்திலிருந்து அது தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். பின்வாங்குச் சின்னவளை அறிந்தவர்கள் அந்த மேசையில் இருந்தது அங்கேதான் உதவியது.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டபோது அம்மா இல்லை என்றார். ஐந்தாம் நாள் சோறும் சொதியும் கொண்டுவந்த அம்மம்மா, நடைபாதையில் என்னை நிறுத்தினார். அவருடைய நடு மகன். பத்தொன்பது வயதில் பல நாட்கள் நித்திரை இல்லாமல் திரிந்தவன், இருந்த வலையையெல்லாம் தானம் கொடுத்தவன். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்தவன். 1990க்கு முந்திய வருடம் ஒரு விடியலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பிரச்சினைக் காலம். காணாமல் போனவர்களோடு அவனையும் ஊர் எண்ணிக்கொண்டது. "எனக்குத் தெரியும் மகள், ஆரும் கொண்டு போகேல்லை" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லாதது அது. தாதியை அழைத்துவந்து திரும்பச் சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த நோய் பரம்பரையில் வலுவாக ஓடுவது. அந்த ஒரு செய்தியோடு வைத்தியரின் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

உப்பு

மனச்சோர்வுக் குளிசையை நிறுத்தினார்கள். எழுச்சியைத் தணிக்க முதலில் ரிஸ்பெரிடோன் என்ற குளிசை. நித்திரை வந்தது, பசியும் கூடவே வந்தது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறியபோது, வடிவு போய்விட்டது என்று அழுதாள். அந்த அழுகையைச் சின்ன விஷயமாக எடுக்கக்கூடாது. பதின்வயதுப் பிள்ளைகள் குளிசையை ரகசியமாகத் துப்புவதற்கு அது ஒரு பெரிய காரணம். நிறையை வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைத்தோம். அதற்கு முன்பே, மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கியிருந்தார்கள்.

இதே வேலைக்கு வல்ப்ரோயேட் என்றொரு மருந்தும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அதை முடிந்தவரை தவிர்ப்பார்கள், பின்னாளில் கர்ப்பம் தரித்தால் கருவின் மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால். மகளுக்கு மருந்து எழுதும்போது அந்தப் பெயர் வந்தால், பெற்றோர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

லித்தியம் ஓர் உப்பு என்று தாதி சொன்னதும் அதுவரை வாய் திறக்காத அப்பா நிமிர்ந்தார். "உப்பெண்டா எனக்குத் தெரியும்" என்றார். 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற மனநல வைத்தியர் இதை எழுச்சி நிலையில் இருந்த நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகுதான் இது பெயர் பெற்றது. இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அப்பாவுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. சிறுநீரகம் சாப்பாட்டு உப்பையும் இந்த உப்பையும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் கையாளுகிறது. உடம்பில் தண்ணீரோ சாப்பாட்டு உப்போ குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும், லித்தியத்தையும் சேர்த்தே பிடித்து வைக்கும். இரத்தத்தில் அது கூடினால் நஞ்சு. கருவாடு போடுகிறவருக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டி இருக்கவில்லை.

இரத்தத்தில் லித்தியம் லீற்றருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்றார்கள். இரத்தம் எடுப்பது கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து. இரவு எட்டுக்குப் போட்டால் காலை எட்டுக்கு, காலைக் குளிசையைப் போடாமல். முதல் தடவை இது தெரியாமல் காலைக் குளிசையும் போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்தோம். தைரோயிட்டையும் சிறுநீரகத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காய்ச்சல், உடம்புநோவுக்குப் பனடோல் போதும். ஐபுப்ரோஃபன் போன்ற நோமாத்திரைகள் லித்தியத்தை இரத்தத்தில் கூட்டிவிடும். பார்மசியில் சும்மா கேட்டு வாங்கும் பழக்கம் உள்ள எங்களுக்கு இது பெரிய செய்தி. ஒரு துண்டில் எழுதிக் குளிசைப் பெட்டி மூடியில் ஒட்டினோம்.

கொப்பியில் என்ன இருந்தது

ஒரு நாளுக்கு ஒரு வரி. படுத்த நேரம், எழும்பிய நேரம், குளிசை, மனம் எப்படி என்று ஒரு சொல். ஆரம்பத்தில் அம்மா எழுதினார். மனத்துக்கு இலக்கம் போடச் சொன்னார்கள், அது அவருக்குச் சரிவரவில்லை. கடலின் சொற்கள் வந்தன: நீரோட்டம், அலை, அமைதி, வற்று. வைத்தியரும் தாதியிடம் அந்த நான்கு சொற்களின் அர்த்தத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தை ஒரு பக்கத்தில் பார்க்கலாம். ஐந்து நிமிடக் கிளினிக்கில், அதுவும் பாதி நேரம் மொழிபெயர்ப்பில் போய்விடும்போது, எங்களுக்கு இருந்த பலம் அந்தப் பக்கம்தான். இன்று பக்கத்து ஊர்களில் இருந்து யாராவது என்னிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், முதலில் கொப்பி வாங்கச் சொல்கிறேன். டொக்டரைப் பார்க்கும் திகதி கிடைக்க முதலே எழுதத் தொடங்குங்கள் என்கிறேன்.

வற்று

மே மாதம் முழுக்கக் கொப்பியில் வற்று, அதாவது சோர்வு. 12 மணித்தியாலம் படுத்தாள். எழுச்சியில் செய்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வெட்கமாக மாறின. ஒரு நாள் அம்மம்மாவின் மடியில் படுத்து, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம் தானே" என்றாள். அம்மம்மாவின் நடு மகன் எப்படிப் போனான் என்று தெரிந்த வீடு அது. யாரும் அதட்டவில்லை. அம்மா எனக்குச் சொன்னார், நான் நேரடியாகக் கேட்டேன்: "மகள், செத்துப்போகலாம் எண்டு நினைக்கிறீங்களா?" ஓம் என்றாள். கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்பது தவறு. கேட்டதால்தான் சொன்னாள்.

அன்றே குளிசை எல்லாம் அம்மம்மாவின் பெட்டகத்துக்குள் போனது, சாவி அவருடைய சேலைத் தலைப்பில். லித்தியத்தை அளவுக்கு மீறி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் மாமா வீட்டுக்குப் போனது. கைக்கெட்டாமல் வைப்பது உண்மையில் உயிர் காக்குமா என்று அண்ணா கேட்டான். 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின், இருபது வருடத்தில் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. அவனுக்கு அதைச் சொன்னேன். அந்தக் கிழமை முழுக்க அவன் தங்கையின் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம், அம்புலன்ஸுக்கு 1990, கிளினிக்கின் இலக்கம் மூன்றும் சுவரில் ஒட்டப்பட்டன. ஓர் இரவு 1926க்கு எடுத்தோம். மறுமுனையில் இருந்தவர் அம்மாவோடு தமிழில் அரை மணித்தியாலம் கதைத்தார்.

சிறுவர் மனநலத்துக்கென்றே உள்ள விசேட வைத்தியரைப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சுமார் 260 கிலோமீற்றர். எங்களுக்குக் கிடைத்த திகதி, மே 9க்குப் பிறகு நாடு முழுக்க ஊரடங்கு விழுந்த அதே கிழமை. போக முடியவில்லை. அடுத்த திகதி ஜூலையில், எரிபொருள் இல்லாத நாட்களில், இரவு ரயிலில் நின்றபடி போனார்கள். அங்கே மருந்தை மாற்றவில்லை. ஆனால் வீட்டார் எல்லோரையும் ஒன்றாக இருத்தி, நோய் என்ன, சத்தம் போடாமல் எப்படிக் கதைப்பது, சண்டையை எப்படித் தள்ளிப்போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். குடும்பத்தையும் சேர்த்து நடத்தும் இந்தச் சிகிச்சைக்கு மருந்தோடு சேர்ந்து நல்ல பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த தவணைகளுக்குப் போகக் காசில்லை. நான் அந்த வீட்டுத் திண்ணையில் கிழமைக்கு ஒருநாள் இருந்து, சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பப் பழக வைத்தேன். அப்பாதான் மிகக் கஷ்டப்பட்டுப் பழகினார். படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த மனிதருக்குக் குரலைத் தாழ்த்துவது லேசான காரியமா?

தட்டுப்பாடும் விரதமும்

ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாடு எங்களையும் பிடித்தது. லித்தியம் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றார்கள். மூன்று பார்மசி ஏறி இறங்கிய பிறகு, இருந்ததை ஒன்றுவிட்ட நாள் கொடுத்தால் நீடிக்கும் என்று அம்மா தானாக முடிவெடுத்தார். அரிசியை அப்படித்தானே நீட்டினோம் அந்த நாட்களில். கொப்பி சொன்னது: எட்டரை மணித்தியாலம், ஏழு, ஆறு, நாலரை. பக்கத்தில் "அலை". நாலரையைக் கண்ட அன்றே அம்மா எனக்கு எடுத்தார், நான் கிளினிக்குக்கு எடுத்தேன். அவர்கள் வேறொரு வைத்தியசாலையில் கேட்டு ஒரு மாத மருந்து எடுத்துத் தந்தார்கள். லித்தியத்தைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ நோய் வேகமாகத் திரும்பும். இம்முறை வாட்டுக்குப் போகாமல் தப்பினோம். மார்ச்சில் ஒன்பது நாள் கழித்து விழித்த வீடு, ஆகஸ்டில் நான்காம் நாளே விழித்தது.

ஐப்பசியில் கந்தசஷ்டி. பிள்ளை சுகமானால் ஆறு நாளும் உபவாசம் இருக்க வைப்பேன் என்று அம்மா நேர்ந்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கியது, நான்காம் நாள் காலை வாந்தி, நடை தள்ளாடியது. அப்பாதான் சொன்னார், "உப்பும் தண்ணியும் போகேல்லை, அந்த உப்பு ஏறிட்டுது" என்று. இரத்தத்தில் 1.4. சேலைன் ஏற்றி, லித்தியத்தை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் தொடங்கினார்கள். அம்மா குற்ற உணர்ச்சியில் உடைந்துபோனார். கோயில் ஐயா ஒருவர், மருந்து எடுக்கிற பிள்ளைக்கு விரதம் விதியில்லை, தாய் இருந்தால் போதும் என்று சொன்ன பிறகுதான் தேறினார். அடுத்த வருடம் முதல் அம்மா மட்டும் இருக்கிறார். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி உப்புக் கரைசல், உடனே கிளினிக்குக்கு ஒரு போன். விளையாட்டுப் போட்டி வெயிலில் தண்ணீர்ப் போத்தலும் நிழலும். இவை இப்போது வீட்டுச் சட்டம்.

பாடசாலை

சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அவளுக்குப் பக்கத்தில் இருத்த வேண்டாம் என்று கேட்டார்கள். "விசரி" என்று கரும்பலகையில் ஒருநாள் எழுதியிருந்தது. அதைவிட அம்மாவை வாட்டியது, நாளைக்கு இவளை ஆர் கட்டுவினம் என்ற கேள்வி. நோய் என்று வெளியில் தெரியவே கூடாது என்று குடும்பம் அடித்துச் சொன்னது. வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் மட்டும் சொல்லுவோம், அதுவும் சின்னவள் சம்மதித்தால் என்று முடிவெடுத்தோம். காலைக் குளிசையால் முதல் பாடவேளை தூக்கம் வந்தால் அதட்டுவதில்லை. தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் அனுமதி கேட்கத் தேவையில்லை, லித்தியத்துக்கு இரண்டும் கூடும். வற்று நாட்களில் வீட்டுவேலை பாதி. ரியூஷன் இரவு ஏழோடு சரி. இவ்வளவுதான் கேட்டோம், கொடுத்தார்கள். தோட்டை வாங்கிய சிநேகிதி அதை அடுத்த நாளே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தாள். இன்றுவரை அவள் பக்கத்தில் இருப்பவளும் அந்தப் பிள்ளைதான்.

இப்போது

2025 பெப்ரவரி 26 சிவராத்திரியன்று சின்னவள் முதல் யாமப் பூசை பார்த்துவிட்டு அம்மம்மாவோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். அடுத்த மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள், கணிதத்தில் சித்தி. உயர்தரம் கலைப்பிரிவு, சித்திரமும் ஒரு பாடம். 2023இல் ஒரு சின்ன எழுச்சி, இரண்டு வற்றுக் காலங்கள் வந்து போயின. வாட்டுக்குத் திரும்பவில்லை. லித்தியம் 0.7இல் நிற்கிறது. எத்தனை வருடம் போட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கிறாள், அவர்களும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

கொப்பி ஐந்தாவதுக்கு வந்துவிட்டது. 2024 நடுப்பகுதியில் இருந்து அவளே எழுதுகிறாள். அம்மா பார்க்கலாம், அண்ணா பார்க்கக் கூடாது. போன கிழமை என்னிடம், "டீச்சர், கம்பஸ் கிடைச்சா ஹொஸ்டலில பத்து மணிக்கு லைட் நிப்பாட்ட விடுவினமா?" என்று கேட்டாள். விடமாட்டார்கள் என்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படுக்க இப்போதே பழகப்போகிறாளாம். கறுப்புத் துணி வாங்கித் தரச் சொன்னாள், வாங்கி வைத்திருக்கிறேன்.